கருடனுக்கு இரையிடுதல்: கோல சிலாங்கூர் ஆற்றங்கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழரின் தோட்டப்புற வாழ்வை ஆராய்ந்தோர் பெரும்பாலும் குடிபெயர்வு, கூலி, கல்வி, கோயில் ஆகியவற்றையே ஆய்வுப் பொருளாகக் கொண்டனர். அவ்வாழ்வைச் சூழ்ந்திருந்த விலங்குகளும் பறவைகளும் நம் ஆய்வேடுகளில் இடம்பெறுவது அரிது. பாம்பும் பன்றியும் அட்டையும் துன்பப் பட்டியலில் ஓரிரு வரிகளில் வந்து மறைகின்றன. அக்குறையை முழுவதும் நீக்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. கோல சிலாங்கூரில் இன்று நாள்தோறும் நிகழும் ஒரு சிறு செயலை எடுத்துக்கொண்டு, அதன் பின்னுள்ள வரலாற்றையும் அது எழுப்பும் சட்ட, அறச் சிக்கல்களையும் நோக்க முயல்கிறோம்.

அச்செயல் இதுதான். பிற்பகல் சாயும் வேளையில், சிலாங்கூர் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய படகுத்துறைகளிலிருந்து சுற்றுப்பயணிகளை ஏற்றிக்கொண்டு படகுகள் புறப்படுகின்றன. கண்டல் மரங்கள் அடர்ந்த ஒரு வளைவில் படகு நிற்கிறது. படகோட்டி ஒரு வாளியிலிருந்து கோழித் தோலையும் குடலையும் அள்ளி நீரில் வீசுகிறார். சற்று நேரத்தில் செம்பருந்துகள் வட்டமிட்டு இறங்குகின்றன; அவற்றினூடே வெண்வயிற்றுக் கடற்கழுகுகளும் வருகின்றன. நீரில் மிதக்கும் தோல் துண்டைக் காலால் கவ்விக்கொண்டு எழும் பறவையைப் பயணிகள் படமெடுக்கின்றனர். பின்னர் பாசிர் பெனம்பாங்கில் கடலுணவு. இருட்டியதும் பெரெம்பாங் மரங்களில் ஒளிரும் மின்மினிகள். கோல சிலாங்கூர்ப் பயணம் என்றால் இன்று பலருக்கும் இதுவே பொருள். தமிழ்ப்பள்ளிகளின் கல்விச் சுற்றுலாக்களும் இவ்வழியே செல்கின்றன. ஆகவே இது நம் ஆசிரியர்களும் விடை காண வேண்டிய வினா ஆகிறது: வேட்டைப் பறவைக்கு இவ்வாறு இரையிடுவது சட்டத்திற்கு உட்பட்டதா? உட்பட்டதாயினும் முறையானதா?

வணங்கப்பட்ட பறவையும் உணவிடப்பட்ட பறவையும்

வாளியைக் கண்டு இறங்கி வரும் அச்செம்பருந்து வேறெதுவுமன்று, நம்மவர் கருடன் என வணங்கும் பறவையே. வெண்தலையும் வெண்மார்பும் செங்காவி நிறச் சிறகும் கொண்ட இதனைக் கிருஷ்ணப் பருந்து என்றும் வழங்குவர். மலாய் மொழியில் இது செந்நிறப் பருந்து எனப் பொருள்படும் பெயர் பெற்றுள்ளது. போர்னியோவின் இபான் மக்கள் தம் பெருந்தெய்வமாகிய சிங்காலாங் புரோங் மண்ணில் தோன்றும் வடிவமாக இப்பறவையைக் கருதினர். ஜக்கார்த்தா நகரம் இதனைத் தன் சின்னமாக வைத்துள்ளது. லங்காவித் தீவின் பெயருக்கே கழுகைக் குறிக்கும் மலாய்ச் சொல்லை மூலமாகக் காட்டுவாரும் உளர். தென்கிழக்காசியாவில் இப்பறவையின் மதிப்பு நம் குடியேற்றத்திற்கு மிக முற்பட்டது என்பது இதனால் விளங்கும்.

தமிழர் இங்கு வந்தபோது தம்முடன் கொண்டுவந்த கருட வழிபாட்டின் இயல்பை ஈண்டு நோக்குதல் வேண்டும். கும்பாபிஷேக நாளில் குடங்கள் விமானத்திற்கு ஏற்றப்பட்ட பின்னரும் மக்கள் அண்ணாந்து வானத்தைப் பார்த்து நிற்பர். கருடன் வட்டமிடக் கண்ட பின்னரே நீர் வார்ப்பது முறை எனக் கருதுவர். மாரியம்மன் கோயிலாயினும் முருகன் கோயிலாயினும் தோட்டப்புறங்களில் இவ்வெதிர்பார்ப்பு மாறவில்லை. கருடனைக் கண்டவர் கைகூப்புவர்; கன்னத்தில் போட்டுக்கொள்வர். ஆனால் எவரும் அதற்குச் சோறு வைத்ததில்லை. சோறு காக்கைக்கே உரியது. முன்னோருக்கான படையலை ஏற்கும் பறவை அது. கூவி அழைத்தால் கூரைக்கு வரும். கருடனோ அழைக்கப்படாமல் வருவது. அழைக்கப்படாமல் வருவதனாலேயே அதன் வருகை நன்னிமித்தமாயிற்று. வாளியைத் தட்டினால் வரும் பறவையை எவரும் நிமித்தமாகக் கொள்ளார். இவ்வேறுபாட்டைப் பழைய மக்கள் எழுதி வைக்கவில்லை. ஆனால் செயலில் பிறழாது காத்தனர்.

இவ்வழக்கிற்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. அது செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள திருக்கழுக்குன்றம்.

திருக்கழுக்குன்றத்துப் பொங்கல்

பட்சி தீர்த்தம் என்னும் மறுபெயர் பெற்ற அக்குன்றின் மேல், வேதகிரீசுவரர் கோயிலை ஒட்டிய பாறையில், நாள்தோறும் உச்சிப்பொழுதை ஒட்டி இரு கழுகுகளுக்கு அமுது படைக்கப்பட்டது. அவை செம்பருந்துகள் அல்ல. மஞ்சள் முகப் பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகு வகை. சர்க்கரையும் நெய்யும் சேர்த்த சோற்றைக் கோயிலார் கிண்ணத்தில் ஏந்தி அமர்ந்திருப்பர். இரு பறவைகள் வந்து உண்டு செல்லும். காசியில் நீராடி, இங்கு உண்டு, இராமேசுவரத்தில் தங்குவன என்பது மக்கள் நம்பிக்கை. சாபம் பெற்ற எட்டு முனிவர் யுகத்திற்கு இருவராகப் பறவை உருவில் வருவர் என்பது தலபுராணச் செய்தி. பறவைகள் வாராத நாளில், கூடியிருப்போரிடையே பாவம் செய்தவர் உளர் என்று சொல்லப்பட்டது. பாவியைத் தேடும் அவ்விளக்கத்தில் நகைச்சுவை உண்டு. எனினும் பறவை தன் விருப்பப்படியே வருவது, மனிதன் அதனைக் கட்டாயப்படுத்த இயலாது என்ற ஒப்புதலும் அதில் அடங்கியுள்ளது.

அண்மையிலுள்ள சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையிலிருந்து வந்த டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் இவ்வூர்க் குடைவரையில் தம் பெயர்களைப் பொறித்துச் சென்றனர். ஒரு நூற்றாண்டு கழிந்து, 1784இல், அதே டச்சுக் கும்பினியாரே கோல சிலாங்கூரின் மலாவத்திக் குன்றைக் கைப்பற்றினர் என்பதும், அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டார் என்பதும் நாம் அறிந்தவை. கழுகுக் குன்றத்தையும் கருடன் வட்டமிடும் இவ்வாற்று முகத்தையும் இணைக்கும் தற்செயலான இழை இது. இதற்கு மேல் அதில் பொருள் தேட வேண்டியதில்லை.

நம் கருத்திற்குத் தேவையானது அப்படையலின் அளவு. ஓர் இடம், ஒரு வேளை, இரு பறவை, ஒரு கிண்ணச் சோறு. உணவிடுபவர் மாறினும் முறை மாறவில்லை. காண வந்தோர் கையால் வீசுவதற்கு இடமில்லை. அச்சோறு பறவையின் வாழ்க்கைக்கு ஆதாரமாக இருந்ததில்லை; அது தன் இயல்பான உணவை ஊர்ப்புறங்களில் தேடிக்கொண்டது.

1990களின் பிற்பகுதிக்குப் பின் அக்குன்றில் கழுகுகள் வாராதொழிந்தன. அதே காலத்தில் இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் பாறுக் கழுகுகள் பேரளவில் மடிந்துகொண்டிருந்தன. கால்நடைகளுக்கு வலி நீக்கியாகக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் உடலிலிருந்து கழுகின் உடலுக்குச் சென்று சிறுநீரகத்தை அழித்தது என்பதை 2004இல் ஆய்வாளர் நிறுவினர். இந்தியா 2006இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. மஞ்சள் முகப் பாறும் 2007இல் அழிநிலையில் உள்ள இனமாக உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பல தலைமுறை பக்தியோடு வைக்கப்பட்ட பொங்கலால் இப்பேரழிவிற்கு எதிராக எதுவும் செய்ய இயலவில்லை. பறவையின் கதி பாறை மேலிருந்த கிண்ணத்தில் இல்லை. சுற்றிலுமிருந்த ஊர்களின் மாட்டுத் தொழுவங்களில் இருந்தது. இதனை மனத்திற்கொண்டே வட சிலாங்கூர்த் தோட்டங்களுக்கு மீள்கிறோம்.

தோட்டங்கள் வளர்த்த கூகை

வட சிலாங்கூர் மலேசியச் செம்பனைத் தொழிலின் பிறப்பிடம். பிரெஞ்சுத் தோட்டக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே, பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் 1917இல் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வணிக அளவில் முதன்முதலாக நட்டார். பிற்காலத்தில் மலாயாவைப் பற்றிய புதினம் எழுதி, 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசு பெற்றவர் இவர். இந்நாட்டுப் பொருளாதாரத்தையே மாற்றிய பயிர் ஒரு தமிழ்ப் பெயர் தாங்கிய தோட்டத்தில் வேரூன்றியது என்பதை நம் மாணவர்க்கு நாம் போதிய அளவு சொல்வதில்லை. அவ்வூரும் இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது.

1960களிலும் 70களிலும் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நடும் போக்கு விரைந்தபோது, பால்மரக் காட்டில் இல்லாத ஒரு பெருந்தொல்லை எழுந்தது. எலிகள் செம்பனைப் பழத்தைத் தின்று பெருகின. எலியைத் தொடர்ந்து கூகை வந்தது. தீபகற்பத்தில் அதுவரை மிக அரிதாக இருந்த இப்பறவை, 1960களின் பிற்பகுதியில்தான் ஜொகூர்ச் செம்பனைத் தோட்டங்களில் கூடுகட்டிக் குஞ்சு பொரித்ததாகப் பதிவு பெற்றது. அதன் உணவு ஏறத்தாழ முழுவதும் எலியே என்பதும், ஓர் இணை தன் குஞ்சுகளோடு ஆண்டொன்றுக்கு ஆயிரத்திற்கும் மேற்பட்ட எலிகளை உண்ணும் என்பதும் 1980களில் வெளிவந்த ஆய்வுகளால் தெரியவந்தன. அதன்பின் தோட்ட நிர்வாகங்கள் கம்பத்தின் மேல் மரப்பெட்டிகளை அமைத்துக் கூகையை வரவேற்றன. ஐந்து முதல் பத்து எக்டருக்கு ஒரு பெட்டி என்பது வழக்கமான கணக்கு. தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல்வயல்களிலும் அத்தகைய பெட்டிகள் ஏறின.

இதில் ஒரு முரண் உண்டு. நம் மரபில் கருடன் மங்கலப் பறவை. கூகையின் குரலோ சாவின் அறிகுறி. மலாய் மக்களும் ஆந்தையைப் பேய்ப் பறவை என்றே அழைப்பர். லயத்துக் கூரையில் கூகை அமர்ந்தால் கல்லெறிந்து விரட்டும் வழக்கம் நம்மிடையே இருந்ததே. தோட்டத்தின் விளைச்சலைக் காத்த பறவை அஞ்சி விரட்டப்பட்டது. தோட்டத்தால் யாதொரு பயனும் பெறாத கருடன் வணங்கப்பட்டது.

தோட்டம் கூகைக்கு இரை வைக்கவில்லை. உறைவிடம் மட்டுமே கொடுத்தது. பறவை தன் தொழிலைத் தானே செய்து பிழைத்தது. ஆயினும் மற்றொரு வகையில் அறியாமலே இரையிட்டது. வார்ஃபரின் என்னும் எலி மருந்துக்கு எலிகள் பழகிவிட்டமையால், 1980களின் தொடக்கத்தில் புரோடிஃபாக்கும் போன்ற வலிமை மிக்க நஞ்சுகள் பயன்பாட்டிற்கு வந்தன. நஞ்சுண்ட எலி உடனே சாவதில்லை, தள்ளாடித் திரியும். எளிதில் அகப்பட்ட அவ்வெலியை உண்ட கூகைகள் மடிந்தன. புதிய நஞ்சிற்கு மாறிய தோட்டத்தில் கூகைகளின் எண்ணிக்கை விரைந்து வீழ்ந்ததைத் தோட்டத்துறை இதழிலேயே 1984இல் எழுதினர். நஞ்சுக் கட்டியைப் பனையடியில் வைத்துச் சென்ற கைகளுள் நம்மவர் கைகள் பல என்பதையும் மறைக்கத் தேவையில்லை. அவர்களுக்கு அந்நஞ்சைப் பற்றி எவரும் விளக்கியிருக்க வாய்ப்பில்லை. மருந்து தெளித்த பெண்களின் உடல்நலமே பொருட்படுத்தப்படாத காலம் அது.

திருக்கழுக்குன்றத்திலும் தென்னமரத்தைப் போன்ற தோட்டங்களிலும் நேர்ந்தது ஒன்றே. கழுகு மாட்டின் வழியும், கூகை எலியின் வழியும் மனிதன் இட்ட நஞ்சை உண்டன. வேட்டைப் பறவைக்கு நாம் கண்ணுக்குத் தெரிய இடும் இரை சிறிது. கண்ணுக்குத் தெரியாமல் இடுவது பெரிது.

சட்டம் நோக்கும் கை

வனவிலங்குச் சட்டங்களின் வரலாறு வேட்டைக்காரனைக் கட்டுப்படுத்தும் வரலாறாகவே தொடங்கியது. மலாயாவில் துப்பாக்கி ஏந்திய தோட்டத்துரைக்கும் வேட்டை உரிமத்திற்கும் இடையிலான வழக்காகவே அது நெடுங்காலம் இருந்தது. தாமே வேட்டைக்காரராயிருந்து பின் காப்பாளராக மாறிய தியடோர் ஹப்பக்கின் தலைமையில் அமைந்த ஆணையம் 1932இல் அளித்த அறிக்கையே பின்னர் தேசியப் பூங்கா உருவாவதற்கு வழிவகுத்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், இன்று நடைமுறையிலுள்ள 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பேணல் சட்டமும் (சட்டம் 716) ஒன்றினின்று ஒன்று விரிந்தவை. பருந்தும் கழுகும் முழுப் பாதுகாப்புப் பெற்ற உயிரினங்களின் வரிசையில் உள்ளன. சிறப்பு அனுமதியின்றி அவற்றைக் கொல்லவோ பிடிக்கவோ வளர்க்கவோ விற்கவோ இயலாது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கொடுமை செய்தலும் குற்றமாகும்.

இச்சட்டத்தின் பெருஞ்சுமை எங்கு விழுகிறது என்று நோக்கினால், பறிக்கும் கையின் மீது விழுவது புலனாகும். கொல்பவன், பிடிப்பவன், விற்பவன், வதைப்பவன் ஆகிய நால்வரும் அதன் பார்வையில் உளர். கோழித் தோல் வீசும் படகோட்டி மேலோட்டமாக நோக்கின் இந்நால்வருள் எவரும் அல்லர். அவர் பறவையைத் தொடுவதில்லை, அடைப்பதில்லை. கொடுக்கும் கையைக் குற்றமாகக் காண்பதற்குச் சட்டம் பழகவில்லை. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தில் வேட்டை என்பதன் வரையறைக்குள் இரை காட்டுதலும் அடங்கும் என்பது உண்மையே. ஆயினும் சுடுவதற்கும் பிடிப்பதற்கும் துணையாகும் இரைகாட்டலே அங்குக் கருதப்பட்டது எனக் கொள்வதே பொருந்தும். படம் எடுப்பதற்கான இரைகாட்டல் அச்சட்டம் எழுந்த காலத்தில் ஒரு சிக்கலாகவே இருக்கவில்லை.

அண்டை நாடான சிங்கப்பூர் இவ்வகையில் முற்பட்டுச் சென்றுள்ளது. 2020 ஜூன் முதல் அங்கு வனவிலங்குகளுக்கு உணவிடுதல் நாடு முழுவதும் குற்றம். முதல் முறைக்கு 5,000 வெள்ளி வரையும் மீண்டும் செய்வோர்க்கு 10,000 வெள்ளி வரையும் தண்டம் விதிக்கலாம். குரங்குகளாலும் காட்டுப் பன்றிகளாலும் எழுந்த இடர்களே அச்சட்டத்திற்கு முதற்காரணம். எனினும் பருந்தும் அதற்கு உட்பட்டதே. ஒரு நகரநாட்டிற்குப் பொருந்துவது ஆற்றங்கரைச் சிற்றூருக்கு அப்படியே பொருந்துமா என்பது வேறு வினா. சட்டம் தடுக்கவில்லை என்பதனால் ஒரு செயல் சரியாகிவிடாது. சட்டம் தடுத்துவிட்டால் மட்டும் ஆறு வளமாகிவிடாது.

தோல் துண்டு செய்வதென்ன

கோல சிலாங்கூரில் பருந்து மனிதனின் மிச்சத்தை உண்பது புதிதன்று. செம்பருந்து மீன், நண்டு ஆகியவற்றோடு இறந்தவற்றையும் உண்பது. மீன்பிடித் துறைகளில் கழித்துப் போடும் சிறுமீனுக்காக அது வட்டமிடுவதை இந்தியப் பெருங்கடற் கரையெங்கும் காணலாம். பாசிர் பெனம்பாங் போன்ற மீனவர் குடியிருப்புகளில் பருந்தும் படகும் ஒன்றையொன்று அறிந்தவை. எனவே மனிதன் கைபட்ட உணவே தீது என்று வாதிடுவது வரலாற்றுக்கு ஒவ்வாது.

மாறியிருப்பது உணவின் தன்மையும் நோக்கமும். கழிமீன் என்பது எலும்பும் செதிலும் குடலும் கூடிய முழு உடல். ஆற்றின் உணவுச் சங்கிலியைச் சேர்ந்தது. கோழித் தோல் பெரும்பாலும் கொழுப்பு. அதில் எலும்பு இல்லை. ஆகவே சுண்ணாம்புச் சத்தும் இல்லை. தாய்ப் பறவை எளிதில் கிடைக்கும் இதனையே கூட்டிற்குக் கொண்டு சென்றால், வளரும் குஞ்சின் எலும்பு உறுதி பெறாது.

இங்கிலாந்தில் இதற்கு ஒப்பான நிகழ்வு ஆராயப்பட்டுள்ளது. அங்கு அழிந்துபோன பிளவுவால் பருந்தினத்தை 1989 முதல் மீண்டும் குடியேற்றினர். அது பெருகியது, நகரத்தையும் தேடி வந்தது. ரெடிங் நகர வீடுகளில் ஏறத்தாழ இருபதில் ஒரு வீட்டார் தம் தோட்டத்தில் இறைச்சி வைப்பதே அதற்குக் காரணம் என 2010களில் பல்கலைக்கழக ஆய்வொன்று காட்டியது. வெறும் இறைச்சித் துண்டுகளை வைப்பதால் குஞ்சுகளுக்கு எலும்புக் குறை நேரும் என்ற எச்சரிக்கையும் எழுந்தது. பழைய தில்லியிலோ, இசுலாமியர் அறக்கொடையாக இறைச்சித் துண்டுகளை வானில் எறிய, கரும்பருந்துகள் ஆயிரக்கணக்கில் கூடுகின்றன. அங்கு கொடுப்பவர் படம் எடுப்பதற்காகக் கொடுப்பதில்லை. தம் துன்பம் நீங்கவும் பிழை பொறுக்கப்படவும் கொடுக்கிறார். நோக்கம் தூயதாயினும், அவ்வழக்கம் மிக்க பகுதிகளில் பருந்துகள் நெருங்கிக் கூடுகட்டுவதையும், மனிதரை அஞ்சாது கூட்டருகே தாக்குவதையும் ஆய்வாளர் கண்டுள்ளனர்.

கோல சிலாங்கூரிலேயே மற்றொரு பாடம் கண்முன் உள்ளது. மலாவத்திக் குன்றின் மேல் வெள்ளி நிற இலைக்குரங்குகளுக்குப் பயணிகள் பயற்றங்காய் வாங்கி ஊட்டுவர். இலை தின்று வாழும் அவ்வுயிர் தோளில் ஏறிக் கைநீட்டக் கற்றுக்கொண்டது. குன்றின் அடிவாரத்தில், 1987இல் அமைக்கப்பட்டு மலேசிய இயற்கைக் கழகத்தின் மேற்பார்வையில் வளர்ந்த இயற்கைப் பூங்கா உள்ளது. குன்றின் மேல் ஒரு நெறி, அடிவாரத்தில் வேறொரு நெறி. லங்காவியின் கிலிம் ஆற்றுக் கண்டல் காட்டிலும் கழுகுக்குக் கோழித் தோல் வீசுவதை இயற்கை ஆர்வலர்கள் நெடுங்காலமாகக் கண்டித்து வந்துள்ளனர். 2007இல் யுனெஸ்கோ புவிப்பூங்காவாக ஏற்கப்பட்ட தீவு அது.

ஓர் எதிர்வாதம்

இங்கு நம் வாசகருள் சிலர் வேறொரு வினாவை எழுப்பக்கூடும். பறவைக்கு என்ன உணவு என்று பேசுவதற்கு முன், தோட்டத்து மனிதனைப் பற்றிப் பேசினீரா என்பர். அவ்வினா நியாயமானது. இதே வட்டாரத்தில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள், நிலம் கைமாறிய பின் சொந்த வீட்டிற்காகப் பல்லாண்டு போராடின. செம்பனையைத் தாங்கிய தோள்களுக்குக் கூரை உறுதியாகாத நாட்டில், கூகைக்குப் பெட்டி கட்டப்பட்டது என்று கசப்போடு சொல்வதற்கும் இடமுண்டு. படகோட்டிகளின் நிலையும் கருதத்தக்கது. மீன்வளம் குறைந்த ஆற்றில் பயணிகளை நம்பிப் பிழைக்கும் கம்பத்து மலாய்க்காரரையும் சீனரையும், ஒரு வாளித் தோலுக்காகக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நம் நோக்கமன்று.

எனினும் மனிதனின் துயரும் பறவையின் கதியும் ஒரே நிலத்தின் மாற்றத்தில் விளைந்தவை. தோட்டம் வீட்டு மனையாக மாறும்போது லயமும் போகிறது, பெட்டியும் போகிறது. கண்டல் காடு குறையும்போது வலையும் வெறுமையாகிறது, பருந்தின் கூடும் இல்லாமற் போகிறது. ஆற்றில் மீன் இல்லாத இடத்தில் தோல் துண்டு வீசப்படுகிறது. பறவைகள் கூடி இறங்குவதைக் காணும் பயணி, ஆறு வளமாக உள்ளது என்றே எண்ணித் திரும்புகிறார். இக்காட்சி செய்யும் பெருந்தீங்கு, நம் கருத்தில், இந்தப் பொய்த்தோற்றமே. பறவையின் உடல்நலக் கேடு அதற்கு அடுத்தது.

பள்ளிச் சுற்றுலாவைப் பற்றி

தமிழ்ப்பள்ளி மாணவரை ஆற்றுக்கு அழைத்துச் செல்ல வேண்டாம் என்று நாம் கூறவில்லை. அழைத்துச் செல்ல வேண்டும் என்றே கூறுவோம். படகை ஏற்பாடு செய்யும்போதே, வாளி வேண்டா, மின்மினிகளை மட்டும் காண்போம் எனச் சொல்லிவிட இயலும். கூலியில் குறைவு செய்யாமல் இதனைக் கேட்பதே முறை.

பருந்தைக் காணக் கூடாதா என மாணவர் கேட்பர். கண்டு மகிழ இரையிட வேண்டியதில்லை என்பதற்கு இந்நாட்டிலேயே சான்று உண்டு. போர்ட் டிக்சனுக்கு அருகிலுள்ள தஞ்சோங் துவானில், சுமத்திராவிலிருந்து கடல் கடந்து வடக்கு நோக்கித் திரும்பும் வேட்டைப் பறவைகளைக் காண்பதற்காக, மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டு தொடங்கி மார்ச்சுத் திங்களில் மக்களைக் கூட்டி வருகிறது. கலங்கரை விளக்கத்தடியில் மக்கள் அண்ணாந்து நிற்கின்றனர். வரும் பறவைகளை எண்ணிக் குறிக்கின்றனர். எவர் கையிலும் இரை இல்லை. கும்பாபிஷேக நாளில் கோயில் வாசலில் நிற்கும் கூட்டத்தைக் கண்டவர்க்கு அக்காட்சி அயலானதாகத் தோன்றாது.

கோல சிலாங்கூரில் இதற்கு ஏற்ற இடங்கள் உள. காலையில் மீன் படகுகள் திரும்பும் வேளையில் பாசிர் பெனம்பாங் கரையில் நிற்கலாம். 1907இல் எழுந்த கலங்கரை விளக்கத்தருகே, மலாவத்திக் குன்றிலிருந்து ஆற்று முகத்தை நோக்கலாம். மாணவர் கையில் ஒரு குறிப்பேடு போதும். வந்த பருந்து எத்தனை, எந்நேரம், எத்திசை, காலில் என்ன பிடித்திருந்தது எனக் குறிக்கச் சொல்லலாம். முதல் நாளில் ஒன்றும் வாராது போகலாம். அப்போது, பாவம் செய்தவர் யார் என்று வகுப்பில் ஒரு குறும்பன் கேட்டால், திருக்கழுக்குன்றத்தின் கதையை அங்கேயே தொடங்கிவிடலாம்.